பிரேக் பிடித்தவனின் விண்ணப்பம்

சென்ற மாதம் மழையில் நடந்த சைக்கிள் பந்தயத்தைப் பற்றி நம் சங்கத்தில் இரண்டு பேச்சுக்கள் உலவுகின்றன. பிரேக்கைப் பிடித்துப் பிடித்தே நான் கடைசிக்கு முந்தினவனாக வந்து சேர்ந்தேன் என்பது ஒன்று. இது வேடிக்கைப் பேச்சு; நானும் சேர்ந்து சிரித்தாயிற்று. இனிமேல் மழைக்காலப் பந்தயம் எதற்கும் சங்கத்தின் பெயரால் யாரும் போகலாகாது என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வரப்போகிறது என்பது மற்றொன்று. இது வேடிக்கை அன்று. மேடையில் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஆசிரியரிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

புதிதாகப் புனேக்கு வந்திருக்கும் தம்பிமார்களுக்காகப் பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோண்ட்வாவில் புறப்பட்டு, போப்தேவ் கட்டம் ஏறி, சாஸ்வட் ஊரைத் தொட்டு, திவே கட்டத்தின் வழியாக இறங்கி, அடிவாரத்தில் முடிக்க வேண்டும். ஆஷாட யாத்திரையில் ஞானேசுவரர் பல்லக்கு ஏறிச் செல்வதும் இந்தத் திவே கட்டந்தான். தேருக்குக் கூடுதலாகக் காளைகளைப் பூட்டி ஏற்றுவார்கள்; அதைப் பார்க்க மலையெங்கும் ஜனக்கூட்டம். ஏறுவதற்குக் கூட்டம் கூடும் மலையில் நாங்கள் இறங்குவதற்குப் பந்தயம் வைத்தோம்.

ஏற்றம் சுகமாக இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். நம் ஊர் மழை கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். இந்த ஊர் மழை நூல் நூலாக நாள் முழுதும் பெய்யும். வெய்யிலில் ஏறினால் தலை கிறுகிறுக்கும் எனக்கு அன்று குளிர்ந்த நீர் முதுகில் வழிய வழியக் கால்கள் தாமாகச் சுழன்றன. என்னோடு போட்டியிட்ட திருநெல்வேலித் தம்பி, விடுதியில் என் பக்கத்து அறைக்காரர், கட்டத்தின் நடுவில் என்னைத் தாண்டும்போது, “அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு புடி புடிக்கீயளே!” என்றார். முப்பதை நெருங்கும் ஆராய்ச்சி மாணவனுக்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்?

சாஸ்வட்டைத் தாண்டிய பிறகுதான் சங்கடம். மழையில் சைக்கிள் இறக்கத்தைப் பற்றி, அனுபவம் இல்லாத அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் இருவருடையதும் பழைய வண்டிகள். சக்கரத்தின் விளிம்பை ரப்பர் கட்டை கவ்விப் பிடிக்கிற பிரேக். விளிம்பு நனைந்திருந்தால், கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும். அதன் பிறகுதான் பிடிக்கும். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி தாமதமானால் 25 மீட்டர் போய்விடும். (தட்டு பிரேக் வைத்த வசதிக்காரர்களுக்கு இந்தத் தாமதம் குறைவு.) ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு விளிம்பைத் துடைத்து வைத்துக்கொள்ள வேண்டும். வளைவில் சாய்ந்த பின் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகூட ஈரத்தில் சவுக்காரம் போலாகிவிடும். போதாக்குறைக்குக் குளிரில் விரல் மரத்து, பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது.

நான் பிரேக் பிடித்தது இதனால்தான். தம்பியும் அறிந்தவர்தாம். ஆனால் அவருக்கு முன்னால் நான்கு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். நால்வரும் பிரேக்கைத் தொடவில்லை. அடிவாரத்தில் முடிவுக்கோடு. அங்கே நம் சங்கத்தார் குடையும் காப்பிப் பிளாஸ்குமாக நிற்கிறார்கள் என்பதும் தெரியும். இருபத்திரண்டு வயதில் நானாயிருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.

மஸ்தானி ஏரி கீழே தெரிகிற ஒரு வளைவில் அவர் விழுந்தார். நான் பார்த்தது வண்டியைத்தான். ஆள் இல்லாமல் அது தனியே வழுக்கிக்கொண்டு போயிற்று. உண்மையைச் சொல்கிறேன்: நான் அவரைத் தாண்டிப் போனேன். நிறுத்த முடியாமல் சிறிது தூரம். அதற்குப் பின்னும் சிறிது தூரம். இரண்டாவது தூரத்துக்குப் பிரேக்கைக் குற்றம் சொல்ல முடியாது. “யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்று மனம் சொல்லிற்று. திரும்பிப் பார்த்தேன். அந்த வளைவில் யாரும் இல்லை. கொடி பிடித்த தொண்டர் இல்லை, ஊதலும் இல்லை. எதிரே ஒரு சிவப்பு எஸ்.டி. பஸ் முனகிக்கொண்டு ஏறி வந்தது. இறங்கி ஓடிக் கையை ஆட்டி அதை நிறுத்தினேன். பிறகு சீத்தாப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்கிய டெம்போக்காரர் ஒருவர் தம்பியைத் தூக்கி உட்காரவைத்து ஹடப்சருக்குக் கொண்டுபோனார். தோளெலும்பு முறிவு. நான் முடிவுக்கோட்டுக்கு வந்தபோது, “பிரேக் வீரர் வருகிறார்!” என்று கைதட்டினீர்கள். உங்களுக்கு விஷயம் தெரியாது. உங்கள்மேல் கோபம் இல்லை.

ஆயினும் போட்டிக்கே போகாதே என்கிற தீர்மானத்தை நான் ஒப்பமாட்டேன். புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அந்தக் காலம் முழுவதும் சைக்கிளைச் சுவரில் சாத்திவைக்கச் சொல்வது, நீச்சல்காரனைத் தண்ணீர்ப் பக்கம் போகாதே என்பது போல. 2021 அக்டோபரில் பிரான்சில் பாரிஸ்–ரூபே பந்தயம் சேற்று மழையில் நடந்தது. முகமும் உடையும் ஒரே மண்ணாக வந்து வென்ற இத்தாலியர் கோல்பிரெல்லிக்கு அதுதான் முதல் ரூபே. மழை இல்லையென்றால் அந்தப் பந்தயத்தை இத்தனை பேர் இன்றும் பேசுவார்களா?

ஆனால் அதே ஐரோப்பாவில் 2024 செப்டம்பரில், சூரிச் நகரத்து உலகப் பந்தயத்தில், முரியல் ஃபூரர் என்ற 18 வயதுப் பெண் மழை ஈரத்தில், காட்டுப் பாதையில் விழுந்தாள். விழுந்ததை நெடுநேரம் யாரும் அறியவில்லை. மறுநாள் இறந்துபோனாள். உலகப் பந்தயத்திலேயே இப்படியென்றால், நம் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் ஆளில்லா வளைவு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் அன்று. முடிவுக்கோட்டை அடிவாரத்திலிருந்து எடுத்துக் கட்டத்தின் உச்சியில் வையுங்கள். அதன் பிறகு எல்லாரும் ஒரு வண்டியின் பின்னால் மெதுவாக இறங்கி வரட்டும். இது கோழைகளின் யோசனை என்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 2019 ஜூலை 26 அன்று பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில், ஆலங்கட்டி மழையாலும் மண்சரிவாலும் முன்னே பாதை அடைபட்டபோது, நடத்துகிறவர்கள் பந்தயத்தை நடுவில் நிறுத்தி, இசெரான் கணவாயின் உச்சியில் யார் எப்போது கடந்தார் என்பதையே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அன்று உச்சியை முதலில் கடந்த கொலம்பியா இளைஞர் எகான் பெர்னால் மஞ்சள் சட்டை பெற்றார். அந்தச் சுற்றையும் வென்றார். அவரை யாரும் பாதிப் பந்தயத்து வீரர் என்று சொல்லவில்லை.

போட்டி நடத்தும் கழகத்தார் இதற்கு இசையாவிட்டால் இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. முடிவுக்கோட்டில் கூடி நிற்கிற நம் சங்கத்தார், வளைவுக்கு இருவராக, ஊதலும் சிவப்புத் துணியுமாக மலையில் நின்றால் போதும். கைதட்டல் குறையும், காப்பியை மேலே கொண்டுவருவதும் சிரமந்தான். வரும் கூட்டத்தில் தடைத் தீர்மானத்தின் இடத்தில் இதைத் திருத்தமாகக் கொண்டுவர எனக்கு ஓர் ஆமோதிப்பாளர் வேண்டும்.

தம்பிக்கு அடுத்த வாரம் கட்டு அவிழ்க்கிறார்கள். நேற்றுப் பார்க்கப் போனபோது தோளைப் பற்றி அவர் பேசவில்லை. “அண்ணாச்சி, முன் சக்கரம் நேராகுமா?” என்று கேட்டார். கடைக்காரரிடம் காட்டினேன்; ஆகாது என்கிறார். வேறு வாங்கத்தான் வேண்டும்.