துளை போட்ட பலகை

கல்யாண முருங்கை இலையை அரைத்து அடை தட்டாத வீடு நம்மில் குறைவு. சளி பிடித்த குழந்தைக்கு அதைவிட நல்ல பலகாரம் உண்டா? அந்த மரத்துக்கு ஹவாய்த் தீவில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரி இருக்கிறாள், சகோதரிகளே! பெயர் விலிவிலி. அதே சிவப்புச் சாயல் பூ, அதே நெட்டி போன்ற லேசான கட்டை. அந்தக் கட்டையைச் செதுக்கித்தான் ஹவாய்ப் பிரபுக்கள் 'ஓலோ' என்ற நீண்ட அலைப்பலகையைச் செய்துகொண்டார்கள். சாதாரண ஜனங்கள் அதைத் தொடக்கூடாதாம். பலகையிலும் அந்தஸ்து பார்த்தார்கள்!

பாக்கி என்ற பிரபுவின் பலகைகள் ஹொனலூலுவிலுள்ள பிஷப் மியூசியத்தில் இருக்கின்றன. அந்த மியூசியமே அவருடைய மகள் பெர்னிஸ் பௌவாஹியின் நினைவாக, அவள் கணவர் 1889-ல் ஏற்படுத்தியது. பலகை ஒன்று ஏறக்குறைய 150 பவுண்டு கனம். தண்ணீருக்குத் தூக்கிப் போவதற்கே இடுப்பு ஒடிந்துவிடும்.

கனம் என்றால் வெறும் சிரமம்தானே என்று எண்ணாதீர்கள். 1925 ஜூனில் கலிபோர்னியாக் கரையோரம் 'தெல்மா' என்ற மீன்பிடி படகு பேரலையில் கவிழ்ந்தது. 1912-ல் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர் ட்யூக் கஹானமோக்கு அப்போது கரையில் இருந்தார். பலகையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். அலைக்குள் போவதும், ஆளை ஏற்றிக்கொண்டு திரும்புவதுமாக எட்டுப் பேரைக் காப்பாற்றினார். எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை, பலர் மாண்டார்கள். வெறும் மரப்பலகையால் இத்தனை முடியுமா என்று கரைக்காவலர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். ஆனால் அந்தப் பலகையை எல்லோராலும் தூக்க முடியவேண்டாமா?

இங்கேதான் டாம் பிளேக் வருகிறார். விஸ்கான்சினில் பிறந்தவர்; கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்து, உறவினர் வீடுகளில் வளர்ந்த பிள்ளை. 1920-ல் டெட்ராய்ட் நகரத்து சினிமாக் கொட்டகை ஒன்றில் ட்யூக்கைச் சந்தித்துக் கைகுலுக்கினார். அவ்வளவுதான், அந்தக் கை பிறகு கடலை விடவில்லை. ஹவாய்க்குப் போய், பாக்கியின் பழைய பலகைகளைச் செப்பனிட்டுக் கொடுத்தார். பிறகு 1926-ல் அதேபோல் ஒன்று செய்ய உட்கார்ந்தார். செம்மரப் பலகை, அதன் மேலிருந்து கீழ்வரை நூற்றுக்கணக்கான துளைகள் போட்டார். உலரவிட்டு, இருபுறமும் மெல்லிய தகடு மரத்தால் மூடி ஒட்டினார். உள்ளே தேனடை, வெளியே பலகை. பார்த்தவர்கள் சுருட்டு என்று கேலி செய்தார்கள். அந்தச் சுருட்டுத்தான் போட்டிகளில் முந்திக்கொண்டு போயிற்று!

துளை போடுவதைவிட, எலும்புக்கூடு கட்டித் தோல் போர்த்துவதே மேல் என்பது அடுத்த யோசனை. ஆகாய விமானத்தின் இறக்கையைப் போல. 1932-ல் அதற்குப் பேட்டன்ட் கிடைத்தது. அதே வருஷம் அவரும் இரு நண்பர்களும் கலிபோர்னியாக் கரையிலிருந்து கட்டலீனா தீவுவரை பலகையிலேயே கைகளால் துழாவிப் போனார்கள். பிளேக் ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார். கரைக்காவலர்களும் பலகையை எடுத்துக்கொண்டார்கள்.

இன்று நின்றபடி துடுப்புப் போடும் மரப்பலகையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். நடுவில் ஒரு முதுகெலும்பு. அடிக்கு ஒன்றாக விலா எலும்புகள். மொத்தத்தில் சாப்பிட்டு வைத்த மீன்முள். மேலே மெல்லிய ப்ளைவுட். அதன்மேல் கண்ணாடி நார்த்துணியும் எபாக்ஸிப் பசையும்.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் இடம் ஒரு கிலோவைத் தாங்கும். நீங்கள் 60 கிலோ, பலகை 15 கிலோ என்றால் 75 லிட்டர் கொண்ட பலகை தண்ணீர் மட்டத்தோடு மட்டமாகி, கணுக்காலை நனைத்துவிடும். அதற்கு இரண்டு மடங்காவது வேண்டும். 11 அடி நீளம், 30 அங்குல அகலம், நாலரை அங்குலக் கனம் இருந்தால் தாராளம். அகலத்தில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். படுத்துக்கொண்டு போன பிளேக்குக்குக் குறுகல் போதும், நிற்பவளுக்குப் போதாது.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடக்கூடாது. சூடான குழம்பை மூடி ஆறவிட்டால் மூடி கவ்விக்கொள்கிறதல்லவா? வெயிலில் கிடந்த பலகையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டாலும் அதே கதைதான். உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மயிரிழை விரிசல் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும். அதுவும் கரைக்கு வெகுதூரத்தில் தெரியவரும்! எனவே ஒரு சிறு காற்றுத் திருகாணி அவசியம். விலாக்களிலும் துளை வேண்டும், காற்று நடமாட. வெயிலில் வைக்கும்போது திருகாணியைத் திறந்துவிடுங்கள். தண்ணீரில் இறங்குமுன் மறக்காமல் மூடுங்கள். பலகை எவ்வளவு உசத்தியானாலும் உயிர்காப்புச் சட்டை இல்லாமல் இறங்கவேண்டாம்.

துடுப்பு உங்களைவிட ஒரு சாண் உயரம் இருக்கட்டும். அதன் அலகு சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். கரண்டி பிடித்துப் பழகிய கை அதைத் திருப்பிப் பிடிக்கத்தான் பார்க்கும். விடாதீர்கள்.