எட்டு நொடியின் பொருளாதாரம்

முன்னிலையில் இருக்கும் அணியின் கோல்கீப்பர், பந்து கைக்கு வந்ததும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லத் தரையில் சரிவார். பிறகு நிதானமாக எழுவார். சக வீரர்களை முன்னே போகும்படி சைகை காட்டுவார். பந்தை இருமுறை தரையில் தட்டுவார். எதிரணி ரசிகர்கள் கூச்சலிடுவார்கள். நடுவர் ஒன்றும் செய்யமாட்டார். கால்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பந்தை ஆறு நொடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்று விதிப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் இதுதான் நடந்தது.

2025 மார்ச் மாதம் பெல்ஃபாஸ்ட் நகரில் கூடிய சர்வதேச கால்பந்து சங்க வாரியம் அந்த விதியை மாற்றியது. ஆறு நொடி இப்போது எட்டு நொடி. கடைசி ஐந்து நொடிகளை நடுவர் கையை உயர்த்தி, விரல்களை மடக்கி எண்ணிக் காட்ட வேண்டும். எட்டைத் தாண்டினால் எதிரணிக்குக் கார்னர் கிக். முன்பு தண்டனை வேறு: பெனால்டி பகுதிக்குள்ளிருந்தே எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். 2025 ஜூனில் அமெரிக்காவில் தொடங்கிய கிளப் உலகக் கோப்பையில் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. உல்சான் அணிக்கு எதிரான ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் மாமெலோடி சன்டவுன்ஸ் கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ் அதன்படி தண்டிக்கப்பட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தளர்வு. நேரம் கூடியிருக்கிறது, தண்டனை குறைந்திருக்கிறது. ஆனால், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அண்மைக் காலக் கால்பந்து விதி மாற்றங்களில் மிகவும் அறிவார்ந்தது இதுதான் என்று நான் கருதுகிறேன்.

குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமையைவிட அதன் நிச்சயமே என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-இல் எழுதினார். 1968-இல் கேரி பெக்கர் அதே சிந்தனைக்குக் கணித வடிவம் கொடுத்தார். தவறு செய்பவர் கணக்கிடுவது தண்டனை எவ்வளவு என்பதை மட்டும் அன்று. அது தனக்குக் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துத்தான். மிகக் கடுமையான தண்டனை சில நேரங்களில் அந்த வாய்ப்பையே பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடும். ஏனெனில், தண்டிக்க வேண்டியவரின் கை எழாது.

பழைய ஆறு நொடி விதிக்கு நேர்ந்தது இதுவே. அது உண்மையாகவே பயன்படுத்தப்பட்ட அரிய தருணம் ஒன்று வரலாற்றில் இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் அரையிறுதி ஆட்டம். ஓல்ட் டிராஃபோர்டு அரங்கு. அமெரிக்காவை எதிர்த்து கனடா 3-2 என்று முன்னிலையில் இருந்தது. கனடா கோல்கீப்பர் எரின் மெக்லியாட் பந்தை நேரம் கடந்து வைத்திருந்ததாக நடுவர் மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்தார். அந்த உதையில் பந்து கனடா வீராங்கனையின் கையில் படவே பெனால்டி கிடைத்தது. ஆட்டம் 3-3 ஆனது. கூடுதல் நேரத்தில் அமெரிக்கா வென்று இறுதிக்குச் சென்றது. விதிப்படி தவறில்லாத அந்தத் தீர்ப்புக்காகக் கனடாவே நடுவர்மீது கொதித்தது. அதைப் பார்த்த பிற நடுவர்கள் கற்றுக்கொண்ட பாடம் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தேர்வு அறையில் கண்காணிப்பாளராக நின்ற அனுபவம் உள்ள எந்த ஆசிரியருக்கும் இது புரியும். 'பிட்' வைத்திருக்கும் மாணவனைப் பிடித்து எழுதிக்கொடுத்தால், அவனுடைய எல்லாத் தாள்களும் ரத்தாகும். சில பருவங்கள் வீணாகும். நான் பணியாற்றிய இடத்தில் பெரும்பாலோர் செய்தது, துண்டுத் தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, "ஒழுங்காக எழுது" என்று சொல்லி நகர்வதுதான். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். அந்தத் தாளுக்குப் பத்து மதிப்பெண் குறைப்பு என்ற அளவில் விதி இருந்திருந்தால், நாங்கள் தயங்காமல் எழுதிக்கொடுத்திருப்போம். மாணவர்களும் 'பிட்' எடுத்துவர யோசித்திருப்பார்கள்.

கார்னர் கிக் அந்தப் பத்து மதிப்பெண் போன்றது. பெரும்பாலான கார்னர்கள் கோலாக முடிவதில்லை. எனவே, நடுவர் மனச்சுமையின்றி அதைக் கொடுக்கலாம். வில்லியம்ஸ் தண்டிக்கப்பட்ட ஆட்டத்திலும் சன்டவுன்ஸ் 1-0 என்று வென்றது. யாரும் நடுவரைத் தூற்றவில்லை. கோல்கீப்பருக்கோ, கண்முன்னே விரல்கள் மடங்குகின்றன. தெரியாது என்ற சாக்குக்கு இடமில்லை.

இனி, இதன் சுமை யார்மீது விழும் என்று பார்க்க வேண்டும். நேரத்தைக் கடத்துவது ஒழுக்கக் குறைவு என்று வர்ணனையாளர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் போன்ற போட்டியில், சில நூறு மில்லியன் பவுண்டு செலவில் கட்டப்பட்ட அணியை அதன் அரங்கிலேயே எதிர்கொள்ளும் சிறிய கிளப்பிடம் இருக்கும் ஒரே செல்வம் நேரம்தான். 90 நிமிட ஆட்டம் என்று சொல்லப்பட்டாலும், பந்து உண்மையில் விளையாட்டில் இருப்பது 55 முதல் 60 நிமிடங்களே. அதை ஐந்து நிமிடம் குறைக்க முடிந்தால், வலுவான அணிக்குக் கிடைக்கும் வாய்ப்புகளும் அந்த அளவுக்குக் குறையும். ஆட்டம் நீளும்தோறும் திறமை வெல்லும் வாய்ப்பு கூடும். சுருங்கும்தோறும் அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடும். எளியோர் அதிர்ஷ்டத்தை நாடுவதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா?

தனித்தனியாகப் பார்க்கும்போது அண்மைக்கால மாற்றங்கள் ஒவ்வொன்றும் நியாயமானவை. 2022 கத்தார் உலகக் கோப்பையில் வீணான நேரத்தைக் கணக்கிட்டுச் சேர்க்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தில் இரு பாதிகளிலுமாக ஏறத்தாழ 27 நிமிடங்கள் சேர்ந்தன. கொரோனா காலத்தில் தற்காலிகமாக வந்த ஐந்து மாற்று வீரர்கள் விதி 2022-இல் நிரந்தரமானது. பிரீமியர் லீகின் சிறிய கிளப்புகள் அதை 2020-இல் திரும்பத் திரும்பத் தோற்கடித்தது வேண்டாத பிடிவாதத்தால் அல்ல. மாற்று வீரர்கள் அமரும் பெஞ்சிலேயே பன்னாட்டு வீரர்களை வைத்திருக்கும் கிளப்புக்குத்தான் ஐந்து மாற்று வீரர்களால் பயன் அதிகம் என்பது அவற்றுக்குத் தெரியும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், தராசு பெரிய அணிகள் பக்கம் சற்றுச் சாய்வது தெரியும். இதை விதி வகுப்போர் விரும்பிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்று. விதி மாறினால் வீரர்களும் மாறுவார்கள். எப்போதும் விதி வகுத்தவர் எதிர்பார்த்த திசையில் அன்று. 1990 உலகக் கோப்பையின் சலிப்பூட்டும் ஆட்டங்களுக்குப் பின், சக வீரர் காலால் தள்ளும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல் வந்தது. அது வெற்றி. இன்று கோல்கீப்பர்கள் காலால் அழகாக விளையாடுவதற்கு அதுவே வித்து. வெற்றிக்கு இரண்டு புள்ளிகளுக்குப் பதில் மூன்று என்ற மாற்றமோ அப்படி அமையவில்லை. ஸ்பெயின் லீக் ஆட்டங்களை ஆராய்ந்த லூயிஸ் கரிக்கானோ, இக்னாசியோ பலாசியோஸ்-ஊர்த்தா ஆகிய பொருளியலாளர்கள், தாக்குதல் முயற்சிகளோடு முரட்டு ஆட்டமும் சேர்ந்தே கூடியதாகவும் கோல்கள் கூடவில்லை என்றும் கண்டார்கள். எட்டு நொடி விதிக்கும் ஒரு கள்ளச்சந்தை உருவாகும் என்பது என் ஊகம். கோல்கீப்பருக்குக் காயம் என்றால் அவரை வெளியே அனுப்பாமல் ஆட்டத்தை நிறுத்தி வைத்தியம் பார்ப்பார்கள். கையில் பந்தோடு காத்திருக்க முடியாதவருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

ரசிகர்களுக்கு வருவோம். அவர்களை அதிகம் காயப்படுத்தியது 2018 உலகக் கோப்பைக்கு வந்த காணொலி உதவி நடுவர் முறை. முக்கியத் தீர்ப்புகள் சரியாக அமைவது 82 விழுக்காட்டிலிருந்து 96 விழுக்காடாக உயர்ந்தது என்கிறது பிரீமியர் லீக். 2024 ஜூனில் அதைக் கைவிடும்படி வுல்வ்ஸ் கிளப் தீர்மானம் கொண்டுவந்தபோது, மற்ற 19 கிளப்புகளும் எதிர்த்து வாக்களித்தன. கிளப் நிர்வாகிகளின் கணக்கில் அது சரி. ஒரு தவறான தீர்ப்பு லீகிலிருந்தே இறக்கிவிடக்கூடும். இறக்கம் என்றால் பெரும் வருவாய் இழப்பு.

அரங்கில் சீட்டு வாங்கி அமர்ந்திருப்பவரின் கணக்கு வேறு. அவர் காசு கொடுத்து வாங்குவது கோல் விழும் அந்த ஒரு கணத்தை. அது இப்போது தவணை முறையில் வருகிறது. கோல் விழுகிறது, எழுகிறார், பிறகு சந்தேகத்தோடு அமர்கிறார். வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவருக்குத் தெரிவதுகூட அவருக்குத் தெரிவதில்லை. இத்தனைக்குப் பின்னும் பிழை போகவில்லை. 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோல் முறையானதே. ஆனால், களநடுவர் கோல் கொடுத்திருக்கிறார் என்று காணொலி அறையில் இருந்தவர்கள் தவறாக எண்ணி, 'சரிபார்த்தாயிற்று' என்று சொல்லிவிட்டார்கள். களத்தில் ஆஃப்சைடு கொடுத்திருந்தார்கள்; கோல் போனது போனதுதான்.

ஸ்வீடனில் கிளப்புகளின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களான ரசிகர்களிடம் இருக்கிறது. அங்கே காணொலி முறை வரவேயில்லை. 2024-இல் அதை வேண்டாம் என்றே முடிவு செய்தார்கள். பக்கத்து நாடான நார்வேயில் ரசிகர்கள் மைதானத்தில் மீன் வடைகளை எறிந்து ஓர் ஆட்டத்தையே நிறுத்தினார்கள்; ஆனாலும் 2025 மார்ச்சில் அந்நாட்டுச் சம்மேளனம் அந்த முறையைத் தக்கவைத்துக்கொண்டது. விதிகளை முடிவு செய்யும் வாரியத்திலோ மொத்தம் எட்டு வாக்குகள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தலா ஒன்று, ஃபிஃபாவுக்கு நான்கு. ஆறு சேர்ந்தால் விதி மாறும். ரசிகருக்கு அங்கே நாற்காலி இல்லை.

அந்த வகையில் எட்டு நொடி விதி வித்தியாசமானது. அதற்குக் கேமராவும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். ஊர்ப் பொட்டலில் நடக்கும் ஆட்டத்திலும் ஒரு கை போதும். நடுவர் காண்பதைக் கடைசி வரிசையில் இருப்பவரும் காண்கிறார். அவரோடு சேர்ந்து சத்தமாக எண்ணவும் செய்கிறார். ஆனால், இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்த ஊர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் கூடுதல் நேரத்தை அதிகமாகவும், முன்னிலையில் இருந்தால் குறைவாகவும் தந்தார்கள் என்று மேற்சொன்ன இரு பொருளியலாளர்களும் கேனிஸ் பிரெண்டர்காஸ்டும் ஸ்பெயினில் கண்டறிந்திருக்கிறார்கள். எட்டில் முதல் மூன்று நொடிகளை நடுவர் மனத்துக்குள்தான் எண்ணுகிறார். ஐம்பதாயிரம் பேர் கத்தும்போது, வந்த அணியின் கோல்கீப்பருக்கும் சொந்த ஊர்க் கோல்கீப்பருக்கும் அந்த மூன்று நொடிகள் ஒரே நீளமாக இருக்கின்றனவா என்பதை, இந்தப் பருவம் முடிந்ததும் யாராவது ஓர் ஆய்வு மாணவர் கடிகாரம் வைத்து அளந்து பார்க்க வேண்டும்.