முதலில் கால்களை எண்ணுங்கோ

மரத்து இலையில் ஏதாவது நெளிந்தால் போதும், அம்மா "மயிர்க்கொட்டி!" என்று கத்துவா. அதில் ஒரு மயிர்கூட இருக்காது. அப்பா உடனே மருந்துப் போத்தலைத் தேடுவார். நான் போனில் படம் எடுத்து, ஆப் சொல்லும் பெயரை அப்படியே நம்பிவிடுவேன். மூன்று பேரும் செய்தது பிழை.

புழுவைப் பக்கவாட்டில் பாருங்கோ. தலைக்குப் பின்னால் மூன்று சோடி உண்மையான கால்கள். அதற்கும் பின்னால், வயிற்றில் இருக்கும் சதைக்கால்களை எண்ணுங்கோ. ஐந்து சோடி அல்லது குறைவு என்றால் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சி அல்லது அந்துப்பூச்சி. ஆறு சோடிக்குக் குறையாவிட்டால் சோஃபிளை. அது குளவிக்குச் சொந்தம்.

இதில் என்ன இருக்கு என்கிறீர்களா? வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைக் கொல்லும் பிடிகே என்ற பக்டீரியா மருந்து சோஃபிளையை ஒன்றும் செய்யாது. தெரியாமல் அடித்தால், இலையைத் தின்பது தப்பிவிடும். பக்கத்தில் சும்மா இருந்த வண்ணத்துப்பூச்சிப் புழு செத்துவிடும்.

எல்லாப் புழுவையும் காப்பாற்றச் சொல்லவில்லை. ஒன்ராறியோவில் ஓக் மரங்களை மொட்டையாக்கும் ஸ்பொஞ்சி அந்துப்பூச்சியின் வளர்ந்த புழுவுக்கு, முதுகில் ஐந்து சோடி நீலப்புள்ளி, ஆறு சோடி சிவப்புப்புள்ளி இருக்கும். அதை விடாதீர்கள், ஆனால் வெறுங்கையால் தொடவும் வேண்டாம், மயிர் பட்டால் கடிக்கும்.

யார் என்று தெரிந்தபிறகு மருந்தை எடுங்கோ.