மலிவின் விலை

விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ள ஏழாயிரம்பண்ணை, வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் வேளாண்மை இல்லை. 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊன்றிய வித்து, பின்னர் பட்டாசுத் தொழிலாகவும் கிளைத்து இவ்வட்டாரத்து அடுப்புகளை எரியச் செய்தது. இந்நன்மையை மறைத்துக் கூலியைப் பற்றிப் பேசுதல் நேர்மையாகாது.

இத்தொழிலுக்கு வறண்ட வானிலை துணைநின்றது. மாற்று வேலையற்றோரின் மலிவான உழைப்பும் துணைநின்றது. பல பணிகளுக்கு, செய்து முடித்த எண்ணிக்கைக்கே கூலி. கூலி குறைவெனில் வேகத்தைக் கூட்டினால்தான் வயிறு நிரம்பும். வெடிமருந்து புழங்கும் அறையில் வேகமே பகை. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளம் விபத்தில் 20க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். எல்லா விபத்துக்கும் கூலியே காரணம் என்றல்ல. எனினும், விரைவைத் தூண்டும் கூலிமுறை ஆபத்தை வளர்க்கிறது.

பட்டாசுப் பெட்டியில் அச்சிடப்படும் விலையில் தீக்காய மருத்துவமும், உழைப்பவரை இழந்த குடும்பத்தின் கடனும் அடங்குவதில்லை. அரசு நிவாரணமோ மக்களின் பணம். ஆகவே, மலிவு என்பது செலவு குறைவன்று. செலவு பிறர் தலைக்கு மாறுவதே. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த ஆணையிட்டது. மறைந்திருந்த செலவை உரியவரிடமே திருப்பிய தீர்ப்பு அது.

கூலி உயர்ந்தால் ஆலை மூடப்படும் என்பர் சிலர். ஒருவர் மட்டும் உயர்த்தினால் அவர் போட்டியில் பின்தங்கக்கூடும், அவ்வச்சம் மெய்யே. அதனாலன்றோ 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தேவைப்பட்டது! அனைவருக்கும் ஒரே அடித்தளம் உறுதியானால், நேர்மையானவர் தோற்க வேண்டியதில்லை. 1914இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு நாளூதியத்தை 5 டாலராக உயர்த்தியபோது, வேலையை விட்டு விலகுவோர் தொகை பெரிதும் குறைந்தது. நிலைத்த தொழிலாளியிடமே தேர்ந்த திறனும் கவனமும் வளரும். அவர் பெறும் கூலியோ சாத்தூர்க் கடைத்தெருவில் அரிசியாகவும் துணியாகவும் பள்ளிக் குறிப்பேடாகவும் மாறி, ஊரெங்கும் சுழலும்.

வாங்குவோர் விலையில் பேரம் பேசலாம். உழைப்பவர் உயிரில் பேரம் கூடாது. பாதுகாப்பும் நியாயமான கூலியும் சேர்ந்த விலையே பட்டாசின் உண்மையான விலை.