தூண்களுக்கு இடையே

கோவை ஒப்பணக்கார வீதியிலும் காந்திபுரத்தின் கிராஸ்கட் சாலையிலும் தீபாவளிக்கு முந்தைய நாள்களில் நடந்து செல்வோர், ஊர்திகளுக்கிடையே வழி தேடவேண்டியிருக்கிறது. நகரின் அடுக்குமாடி வளாகங்கள் பலவற்றின் அடியில் நிறுத்துமிடங்கள் உள்ளன. இருந்தும் மகிழுந்துகள் தெருவில் நிற்பதேன்? ஓட்டுநரைக் குறைகூறுதல் எளிது. ஆயின் முதலில் ஐயுற வேண்டியது கட்டடத்தின் வரைபடத்தையே.

மேல்தளத்து அறைகளுக்கேற்பத் தூண்களை நிறுவி, எஞ்சிய இடத்தை ஊர்திகளுக்கு விடுவது பலரது வழக்கம். இது தலைகீழ் முறை. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி ஒரு மகிழுந்துக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். மூன்று மகிழுந்துகள் அருகருகே நிற்க, தூண்களுக்கிடையே 7.5 மீட்டர் வெற்றிடம் தேவை. 7 மீட்டரே விட்டால் இரண்டுதான் நிற்கும். 2 மீட்டர் வீணாகும். அங்கே இருசக்கர ஊர்திகள் நிற்கலாம் என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் அரை மீட்டர்ச் சிக்கனம் ஒரு மகிழுந்தின் இடத்தையே விழுங்கிவிடுகிறது.

சரிவுப்பாதைக்கும் இதே கணக்குத்தான். எட்டு மீட்டர் நீளத்திற்கு ஒரு மீட்டர் என இறங்கினால், 3 மீட்டர் ஆழத்தை அடைய 24 மீட்டர் நீளம் வேண்டும். குறுகிய மனையில் இதைச் சுருக்கிச் செங்குத்தாக்கினால், அஞ்சிய ஓட்டுநர் வண்டியைத் தெருவிலேயே விட்டுச் செல்வார்.

தூண்களை மாற்றினால் மேல்தள அறைகள் சிதையும் என்பர் கட்டுநர். தொடக்கத்திலேயே கீழ்த்தளத்தையும் உடன்வைத்துத் திட்டமிட்டால் அச்சிக்கல் பெரிதும் குறையும். கான்கிரீட் இறுகியபின் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பயன்படாத கீழ்த்தளம் நெடுநாள் வெறுமையாக இராது. கிடங்காகும், கடையாகும். தில்லியின் பழைய ராஜிந்தர் நகரில் வாகனம் நிறுத்தவும் பொருள் வைக்கவும் ஒப்புதல் பெற்ற கீழ்த்தளம் ஒன்று நூலகமாக இயங்கிவந்தது. 2024 ஜூலை 27 அன்று அதனுள் மழைவெள்ளம் புகுந்ததில், குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூவர் மாண்டனர். ஊர்திகளுக்கென ஒதுக்கிய இடத்தில் மனிதரை அமர்த்தியதன் விலை அது.

கோவை மாநகராட்சி ஆர்.எஸ்.புரம் திவான் பகதூர் சாலையில் பல அடுக்கு நிறுத்துமிடம் கட்டியிருக்கிறது. நல்லதே. எனினும் தனியார் கட்டடங்கள் தட்டிக்கழிக்கும் கடமையைப் பொதுப்பணத்தால் எத்தனை தெருக்களில் ஈடுசெய்ய இயலும்? புதிய வளாகத்திற்கு ஒப்புதல் வழங்குவோர், கட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முத்திரை குத்தலாகாது. ஒரு மகிழுந்து சாலையிலிருந்து இறங்கி, திரும்பி, நின்று, மீண்டும் மேலேறும் வழியையும், சரிவில் வழிந்துவரும் மழைநீர் வெளியேறும் வழியையும் வரைபடத்தில் காட்டும்படி கேட்கவேண்டும்.