அடுத்து வந்தவர் யார்?

ஒரு துறையில் முதன்முதலாக நுழைந்த பெண்ணின் பெயரை நாம் மனப்பாடம் செய்கிறோம். தேர்விலும் அதுவே வினாவாகிறது. அவருக்கு அடுத்து வந்தவர் யார் என்று கேட்பாரில்லை. என் கருத்தில் அந்த இரண்டாம் வினாவே முதன்மையானது. முதலாமவர் தம் தனித்திறனால் நுழைந்திருக்கலாம். இரண்டாமவரும் நுழைந்தாரெனில், அங்கே வழியொன்று அமைந்துவிட்டது என்பது பொருள்.

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, ஆடவர் பயின்ற புதுக்கோட்டைக் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விட்டு அகலவில்லை. பல்லாண்டுகள் முயன்று நிதி திரட்டி, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

மறு ஆண்டே அங்கு வந்து சேர்ந்தார் 28 வயது சாந்தா. எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனைப் பணிக்குத் தேர்வாகியிருந்தவர் அவர். பெண் மருத்துவர் என்றாலே மகப்பேறு பார்ப்பவர் என்று கருதப்பட்ட காலம் அது. உறுதியான அரசுப் பணியை விடுத்து, புதிதாய் முளைத்த சிறு மருத்துவமனையைத் தேர்ந்தது பலரை வியக்க வைத்தது. 2021இல் மறையும்வரை அந்நிறுவனமே அவருடைய வாழ்வாயிற்று.

சாந்தாவுடன் அன்றாடம் நின்று பணியாற்றியவர் அம்மையாரின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும், அருகிருந்து கற்பிப்பது மட்டுமே வழிகாட்டுதல் ஆகாது. ஒருத்தி தன் வாழ்நாளெல்லாம் உழைக்கத்தக்க இடத்தை உருவாக்கி வைப்பதும் வழிகாட்டுதலே. மேடையேறிப் பெண்மையைப் போற்றுவது இதைவிட எளிது!

புற்றுநோய் மருத்துவத்துக்குக் கதிரியக்கத்தைத் தந்த மேரி கியூரியின் பாரிசு ஆய்வகத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1911இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. 1929இல் அவருடைய ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்த மார்கரித் பெரே, பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத 19 வயதுப் பெண். அவரே 1939இல் பிரான்சியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்தார். கியூரி மறைந்து 28 ஆண்டுகள் கழிந்தபின், 1962இல், அதே கழகம் தேர்ந்தெடுத்த முதல் பெண்ணும் அவரே.

சேத்தியாத்தோப்பின் கரும்பு விவசாயிகள் வீடுகளிலிருந்தும் நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் இன்று பெண்கள் அறிவியல் பயிலச் செல்கின்றனர். அவர்களுடைய படங்களைப் பள்ளிச் சுவரில் மாட்டுகிறோம்; நன்று. விடுமுறைக்கு ஊர் திரும்பும் அவர்களைப் பதினொன்றாம் வகுப்பு மாணவியரோடு ஒரு பிற்பகல் பள்ளி ஆய்வகத்தில் அமரச் செய்யலாமே. எந்த நுழைவுத்தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, விடுதிச் செலவுக்கு எந்த உதவித்தொகையை நாடுவது, தயங்கும் தந்தையிடம் எப்படிப் பேசுவது என்பவற்றை அவர்களைவிடத் தெளிவாக எவர் சொல்லக்கூடும்?