மத்தி மீனும் மருத்துவரும்

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்ணிடம் "பத்தியமாய்ச் சாப்பிடு, சரியாகிவிடும்" என்று சொல்வது கொடுமை. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து அழற்சியை உண்டாக்கும் நோய் இது. பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்தக் கீரையும் அதைக் கரைக்காது. ஆனாலும் நல்ல சாப்பாடு வீண் இல்லை: மத்தி, அயிலை மீன்களின் ஒமேகா-3 கொழுப்பு சிலருக்கு வலியைத் தணிக்கலாம்; கேழ்வரகின் நார்ச்சத்து மலச்சிக்கலைக் குறைக்கும். சுண்டல் சிலருக்கு வயிற்றை உப்ப வைக்கும். அவரவர் உடம்பைக் கவனித்தே சேர்க்க வேண்டும். ஆனால், வலியில் துடிப்பவளே எல்லோருக்கும் சமைத்து, கடைசியில் மிஞ்சிய குழம்பை ஊற்றிச் சாப்பிடும் வீட்டில் உணவுப் பட்டியலால் என்ன பயன்? முதலில் அவளை மகளிர் நல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மீன் குழம்பை வேறு யாராவது வைக்கட்டும், நடுத்துண்டு அவளுக்கு.